என்8என்-இல் (n8n, வேலைகளைத் தானாக ஓட்டும் மென்பொருள்) டேட்டாபேஸிலிருந்து சென்சார் தரவைப் படித்தால் தொங்குகிறது, தினக் கணக்கும் ஒத்துவரவில்லை. எப்படிப் படிப்பது?

எல்லா வரிசையையும் என்8என்-க்குள் இழுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பத்து நொடிக்கு ஒரு ரீடிங் என்றால் ஒரு சென்சாருக்கே நாளைக்கு 8,640 வரிசை. மூன்று சென்சாருக்கு முப்பது நாள் என்றால் 7,77,600. ஒவ்வொன்றும் தனித்தனி ஐட்டமாக வந்து இறங்கினால் மெமரி எப்படித் தாங்கும்? கூட்டல், சராசரி எல்லாவற்றையும் டேட்டாபேஸோடு பேசும் போஸ்ட்கிரஸ் நோடின் குவெரியிலேயே முடித்து, விடையை மட்டும் வாங்குங்கள். நேரத்தை நாள் நாளாக வெட்ட, போஸ்ட்கிரஸோடு டைம்ஸ்கேல் (நேரத் தரவுக்கான இணைப்பு) போட்டிருந்தால் டைம் பக்கெட் ஃபங்ஷன், இல்லாவிட்டால் டேட் ட்ரங்க்.

கணக்கு உதைப்பதுதான் பெரிய விஷயம். நானே பட்டிருக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பால் சொசைட்டிக்கு இதே மாதிரி அறிக்கை செய்து கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துச் செயலாளர் அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, மாசக் கணக்கு கிட்டத்தட்ட சரியாத்தான் வருது. அன்னன்னைக்குக் கணக்குதான் உதைக்குது." அவருடைய நோட்டோடு உட்கார்ந்து ஒவ்வொரு ஊற்றாகச் சரிபார்த்தோம். காலை 5 மணிக்கு முதல் ஆள் கேனோடு வந்துவிடுவார். 5.30-க்கு முன்னால் ஊற்றிய பால் அத்தனையும் முந்தின நாள் கணக்கில் இருந்தது!

காரணம் இதுதான். நேர மண்டலத்தோடு சேமித்த நேரத்தை டைம் பக்கெட் யூடிசி (உலகப் பொது நேரம்) நாளாகத்தான் வெட்டும். யூடிசியில் நள்ளிரவு என்றால் நமக்கு விடிகாலை 5.30. மில் சென்சார், மோட்டார் மாதிரி ஓயாமல் ஓடுகிற இடத்தில் இது லேசில் கண்ணில் படாது. பால் என்பதால் மாட்டிக்கொண்டேன். டைம் பக்கெட், டேட் ட்ரங்க் இரண்டிலுமே மூன்றாவதாக 'ஏசியா/கொல்கத்தா' என்று கொடுக்கலாம் (பழைய பதிப்பில் ஏற்காது, டேட் ட்ரங்குக்கு போஸ்ட்கிரஸ் 12, டைம் பக்கெட்டுக்கு டைம்ஸ்கேல் 2.8 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும்). ஆனால் நாளைத் தேர்ந்தெடுக்கும் நிபந்தனையை நேரப் பத்தியின் மீது நேராக வையுங்கள். அதையும் ஃபங்ஷனுக்குள் சுற்றினால், வேகமாகத் தேட உதவும் இன்டெக்ஸ் பயன்படாது. 'பிட்வீன்' வேண்டாம், இரண்டு முனையும் சேர்வதால் நள்ளிரவு ரீடிங் இரண்டு நாளிலும் விழும். தொடக்கம் சேர்த்து, முடிவு சேர்க்காமல் எழுதுங்கள்.

சொந்த சர்வரில் ஓட்டுகிறீர்களா? என்8என்-இன் நேர மண்டலத்தை மாற்றாவிட்டால் அது நியூயார்க் நேரத்தில் இருக்கும். எனக்கு இரவு 9 மணி அறிக்கை மறுநாள் காலை 6.30-க்கு வந்தது. அது தனிக் கூத்து.

அப்புறம் கரண்ட் கட். ரவுட்டர் அணைந்தால் கருவி ரீடிங்கைத் தன்னிடமே வைத்திருந்து பிறகு மொத்தமாக அனுப்பும். 'கடைசியாகப் படித்த நேரத்துக்குப் பிறகு' என்று மட்டும் படித்தால் அப்படித் தாமதமாக வந்தவை விட்டுப்போகும். நான் ஒவ்வொரு முறையும் கடைசி ஆறு மணி நேரத்தைத் திரும்பப் படித்து, சென்சாரும் நேரமும் ஒன்றானால் மேலெழுதும்படி வைத்திருக்கிறேன்.

கருவியே அணைந்துபோன நேரத்தில் ரீடிங் கிடையாது. அங்கே ஜீரோ போட்டு நிரப்பாதீர்கள். பாதி நேரம் கருவி அணைந்திருந்தால், கூலரில் 4 டிகிரியில் இருக்கும் பால், அறிக்கையின் சராசரியில் 2 டிகிரி என்று நிற்கும். அந்தக் கட்டத்தை நான் காலியாகவே விடுகிறேன், செயலாளர் அண்ணன் 'கரண்ட் இல்லை' என்று பேனாவில் எழுதிக்கொள்கிறார்.