ஜெர்மனி வரும் வேதியியல் தம்பிக்கு: இரவல் ஐடி வேண்டாம்

தம்பி, அக்டோபரில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்க ஜெர்மனி வருவதாக எழுதியிருந்தீர்கள். அறை வாடகை, குளிர்கோட்டு, பகுதிநேர வேலை என்று நிறையக் கேட்டுவிட்டுக் கடைசியில், வேதியியல் கட்டுரைகளையும் சேர்மங்களையும் தேடும் தரவுத்தளமான சைஃபைண்டரைப் பற்றி ஒரு வரி: "சைஃபைண்டருக்கு ஒரு சீனியர் அண்ணன் தன் ஐடியைத் தருகிறேன் என்கிறார், அதை வைத்தே சமாளிக்கலாமா?" மற்றதையெல்லாம் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். கோட்டை இங்கே வந்து வாங்குங்கள், பெரிய ஊர்களில் தமிழ்க் கடையும் அரிசியும் உண்டு. எனக்கு அந்தக் கடைசி வரிதான் உறுத்துகிறது.

அந்த ஐடியை வாங்காதீர்கள். சைஃபைண்டர் கணக்கு ஆளுக்கு ஒன்று. பல்கலைக்கழகம் பெரும் பணம் கட்டி வாங்கி, மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. பல்கலைக்கழக மின்னஞ்சல் கிடைத்த அன்றே, வளாக இணைப்பிலிருந்து பதிவு செய்துகொள்ளுங்கள். உறுதிப்படுத்தும் சுட்டி வந்ததும் முடித்துவிடுங்கள், அது சீக்கிரம் காலாவதியாகும். அப்புறம் வீட்டிலிருந்து விபிஎன் வழியாகத் தேடலாம். ஊரில் பல கல்லூரிகளில் இந்த வசதி இல்லாததால் வெளிநாட்டில் இருக்கும் அண்ணனிடம் கேட்டு வாங்குவது நமக்குப் பழகிவிட்டது, புரிகிறது. ஆனால் இங்கே அதற்கு அவசியமே இல்லை.

நான் படித்த இடத்தில் நம் பக்கத்துப் பையன் ஒருவன் இரவல் ஐடியில் நுழைந்து, ஸ்கிரிப்ட் எழுதி ராத்திரி முழுக்கப் பதிவுகளை இறக்கினான். விடிந்தபோது மொத்தத் துறைக்கும் தேடல் முடங்கியிருந்தது. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் இருந்தவர்கள் தவித்துப் போனார்கள். யாரும் சத்தம் போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இந்தியாவிலிருந்து யார் புதிதாக வந்தாலும், ஐடி தருவதற்கு முன் நூலகத்தில் கூடுதலாக நாலு கேள்வி கேட்டார்கள். செய்தவன் படிப்பை முடித்துப் போய்விட்டான். பின்னால் வந்தவர்கள் பதில் சொன்னார்கள். இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

நான் வந்த 2003-இல் நிலைமை வேறு. சைஃபைண்டர் ஸ்காலர் என்று கணினியில் நிறுவ வேண்டிய மென்பொருள் அது. ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் நுழையலாம் என்று கணக்கு. பத்து மணிக்கு மேல் போனால் இடம் கிடைக்காது. தேடிவிட்டு வெளியேறாமல் காபி குடிக்கப் போகிறவர்களால் இன்னும் தாமதம். அதனால் இருட்டோடு கிளம்பி, பனியை மிதித்துக்கொண்டு போய், ஆய்வகம் நிறைவதற்குள் தேடி முடிப்பேன். நேரம் குறைவு என்பதால் என்ன கேட்கப் போகிறேன் என்பதை முந்தின இரவே தாளில் வரைந்து வைத்துக்கொள்வேன். அந்தப் பழக்கத்தை இன்றும் விடவில்லை.

வரைந்து என்றுதான் சொல்கிறேன். பெயரைத் தட்டித் தேடாதீர்கள், சேர்மத்தின் கட்டமைப்பை வரைந்து தேடுங்கள். நம் வீடுகளில் சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சேர்மத்துக்கும் அடையாளமாகத் தரும் சிஏஎஸ் எண் அதற்கு 657-24-9. மாத்திரையில் இருப்பதோ அதன் ஹைட்ரோகுளோரைடு, அதற்குத் தனி எண் 1115-70-4. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதில் இருக்கும் கட்டுரைகள் தப்பிவிடும். கட்டமைப்பை வரைந்து தேடினால் உப்பு, ஹைட்ரேட் எல்லாம் கண்ணில் படும். சப்ஸ்ட்ரக்சர் தேடலில், அதாவது வரைந்த பகுதியைத் தமக்குள் கொண்ட சேர்மங்களையெல்லாம் தேடும்போது, ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தால் மிரளாதீர்கள். எந்த அணுவில் மேற்கொண்டு எதுவும் ஒட்டக்கூடாதோ அதைப் பூட்டுங்கள், வளையம் வேறு வளையத்தோடு சேரக்கூடாதென்றால் அதையும் பூட்டுங்கள், வினையில் உங்கள் பொருள் விளைபொருளாக வர வேண்டும் என்று குறியுங்கள். பட்டியல் தானாகச் சுருங்கும்.

என் ஆய்வு பைரசோலோன்களில், அதாவது நைட்ரஜன் உள்ள ஒருவகை ஐந்தணு வளையச் சேர்மங்களில். அந்த வளையத்தை முதலில் உண்டாக்கியவர் லுட்விக் க்நோர், 1883-இல், எர்லாங்கனில். ஃபீனைல்ஹைட்ரசினையும் அசிட்டோஅசிட்டிக் எஸ்டரையும் சேர்த்தார். ஆனால் கிடைத்தது குவினிஸின் என்ற வேறு வகைச் சேர்மம் என்று நினைத்து அந்தப் பெயரிலேயே எழுதிவிட்டார். சில வருடம் கழித்து அவரே திருத்தினார். பைரசோலோன் என்ற சொல்லை வைத்து அந்த முதல் கட்டுரையைத் தேடினால் என்ன கிடைக்கும்? கட்டமைப்பை வரைந்து ரியாக்ஸிஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் தேடியவனுக்கு அது வந்து நிற்கும், ஏனென்றால் அதன் அடியில் இருப்பது கரிமச் சேர்மங்களைத் தொகுத்த பழைய ஜெர்மன் நூலான பைல்ஷ்டைன் கையேடு; 1771 வரை பின்னோக்கிப் போகிற தரவு. அந்தக் கட்டுரையை நூலகத்தின் அடித்தளத்தில் 'பெரிஷ்டே' என்ற ஜெர்மன் வேதியியல் இதழின் பழைய தொகுதியில் விரித்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். உருகுநிலை, எதில் மறுபடிகமாக்கினார், எந்த நேரத்தில் நிறம் மாறியது, எல்லாம் அதில் இருந்தது. தரவுத்தளத்தின் சுருக்கத்தில் அதில் பாதிகூட இல்லை. அந்த வினையிலிருந்து வந்த ஆன்டிபைரின் என்ற காய்ச்சல் மருந்தை ஹோக்ஸ்ட் நிறுவனம் விற்றது. இன்று நான் வேலை பார்ப்பது அந்த ஹோக்ஸ்ட் ஆலை வளாகத்திற்கு அருகில்தான்.

இங்கே பதினைந்து வருடம் இருந்தும் ஜெர்மன் படிக்காத நம் ஆட்கள் நிறையப் பேர். கணினித் துறையில் ஆங்கிலத்தை வைத்தே காலம் தள்ளலாம். உங்களுக்கு அது சரிப்படாது தம்பி. 1900-க்கு முந்தைய கரிம வேதியியலில் பெரும்பங்கு ஜெர்மனில்தான் கிடக்கிறது. மொழிபெயர்ப்புச் செயலியை நம்பினால் பழைய சேர்மப் பெயர்களில் அது தடுமாறும். கிளம்புவதற்குள் ஜெர்மன் மொழியில் ஏ2 நிலையை முடித்துவிடுங்கள், இங்கே வந்து அடுத்த நிலையான பி1.

வந்த முதல் வாரமே நூலகத்தில் சைஃபைண்டர், ரியாக்ஸிஸ் பயிற்சி வகுப்பு எப்போது என்று கேளுங்கள். பெரும்பாலும் இலவசம், பல இடங்களில் ஆங்கிலத்திலும் நடத்துகிறார்கள். உங்கள் ஆய்வுப் பொருளின் கட்டமைப்பைத் தாளில் வரைந்து கையோடு கொண்டுபோங்கள், அதையே அங்கே தேடிக் காட்டச் சொல்லலாம். அந்த அண்ணனிடம் ஐடி வேண்டாம் என்று மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள்.