ஒரே மீன்தான், இடத்துக்கு ஓர் உடம்பு

கேள்வி: ஒரே இன மீன் ஓர் இடத்தில் ஒரு மாதிரியும் இன்னோர் இடத்தில் வேறு மாதிரியும் இருந்தால், தீனியும் தண்ணீரும்தானே காரணம்? இதில் மரபணு எங்கே வந்தது? (பள்ளி ஆசிரியர் ஒருவர்)

பதில்: நியாயமான சந்தேகம். தீனி, வெப்பம், நெரிசல் எல்லாமே மீனின் உடம்பை மாற்றும். வித்தியாசத்தைப் பார்த்த மாத்திரத்தில் ‘மரபணு’ என்று தாவும் கட்டுரைகளை நானும் நம்புவதில்லை. சோதிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. இரண்டு இடத்து மீன்களையும் ஒரே தண்ணீரில், ஒரே தீனியில் வளர்க்க வேண்டும். பிடித்து வந்த மீனை அளந்து பயனில்லை. அதன் குஞ்சையும் நம்ப முடியாது, தாய் தின்றதும் பட்டினி கிடந்ததும் குஞ்சில் தெரியும். பேரக்குஞ்சுகளிடமும் வித்தியாசம் அப்படியே இருந்தால்தான் அது பிறவியிலேயே வந்தது.

டிரினிடாட் தீவின் கப்பி மீன்களிடம் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கே அருவிகளுக்குக் கீழே பைக் சிக்லிட் என்ற வேட்டை மீன் உண்டு, வளர்ந்த கப்பியை விழுங்கிவிடும். அருவியைத் தாண்டி அதனால் ஏற முடியாது. மேலே இருக்கும் எதிரி ஒரு சின்ன மீன், அது பெரும்பாலும் குஞ்சுகளோடு சரி. கீழே வாழும் கப்பிகளுக்கு நாளைக்கு இருப்போமா என்பதே நிச்சயமில்லாத பிழைப்பு. சீக்கிரம் பருவமடைந்து, பொடிப் பொடியாக நிறையக் குஞ்சு போடும். 1976-இல் உயிரியலாளர் ஜான் எண்ட்லர் கீழிருந்த கப்பிகளைப் பிடித்து, மேலே கப்பியே இல்லாத ஓர் ஓடையில் விட்டார். 11 ஆண்டுகள் கழித்து அவற்றின் வாரிசுகளை டேவிட் ரெஸ்னிக்கும் சகாக்களும் ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். தாமதமாகப் பருவமடைந்தன. குஞ்சுகள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் பெரியது. 30 முதல் 60 தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது.

கேள்வி: கடல் மீன் ஒன்று ஏரிக்கு வந்ததும் கவசத்தைக் கைவிட்டதாகப் படித்தேன். கவசம் வேண்டாம் என்று மீனுக்கு எப்படித் தெரிந்தது? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: தெரியவில்லை, தெரியவும் வேண்டாம். எந்த மீனும் எதையும் கைவிடவில்லை. கவசம் குறைவாகப் பிறந்தவை அதிகம் பிழைத்தன, அவ்வளவுதான்.

நீங்கள் படித்தது ஸ்டிக்கில்பேக் என்ற மீனைப் பற்றி. விரல் நீளம், முதுகில் மூன்று முள். என் கண்பார்வை கெட்டதில் இந்த மீனுக்குப் பெரிய பங்கு உண்டு. பதப்படுத்திய மீனை அலிசரின் என்ற சாயத்தில் ஊறப்போட்டால் எலும்பு மட்டும் சிவப்பேறும். லென்ஸுக்கு அடியில் வைத்தால், கடல் மீனின் விலாவில் செவுளிலிருந்து வால் வரைக்கும் 30-க்கும் மேற்பட்ட தகடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். ஏரி மீனில் முன்பக்கம் ஏழெட்டு இருந்தால் அதிகம். அதற்குப் பின்னால் வெறும் தோல். கடைசித் தகட்டைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று பக்கத்து மேசைக்காரரோடு சண்டை பிடித்ததெல்லாம் உண்டு.

இந்தத் தகடுகளை ஆட்டிவைப்பது முக்கியமாக ஈடிஏ என்ற ஒரே மரபணு என்று 2005-இல் தெரியவந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. தகடு குறைக்கும் வடிவம் ஏரியில் புதிதாக உண்டானது அல்ல. கடல் மீன்களிலேயே, நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவில், இந்த ஏரிகள் உருவாவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கிடக்கிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் முழுசாக வெளியே தெரியும் என்பதால், கடலில் அது பரணில் போட்ட பாத்திரம் மாதிரி கவனிப்பாரில்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது. பனியுகம் முடிந்து வடக்கே புதிய ஏரிகள் பிறந்தபோது, ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத ஏரிகளில் அதே வடிவம் திரும்பத் திரும்ப மேலே வந்தது. நன்னீரில் அதைச் சுமக்கும் இளமீன்கள் வேகமாக வளர்ந்து, குளிர்காலத்தைத் தாண்டி, முந்தி முட்டையிடுவதைச் செயற்கைக் குளங்களில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதே குளங்களில் பிஞ்சுப் பருவத்தில் அந்த வடிவம் குறையவும் செய்தது. ஆக, கதையில் இன்னும் ஏதோ மரபணுவுக்குப் பங்கிருக்கிறது.

அலாஸ்காவில் லோபர்க் என்று ஓர் ஏரி. தூண்டில்காரர்களுக்குப் பிடித்த மீன்களை விட வேண்டுமென்று 1982-இல் நஞ்சிட்டு, இருந்த மீன்களையெல்லாம் கொன்றார்கள். கடலிலிருந்து ஸ்டிக்கில்பேக் தானாகவே உள்ளே வந்துவிட்டது. 1990-இல் பிடித்தவற்றில் 96 விழுக்காடு முழுக் கவசம். 2001-இல் அது 11 விழுக்காடு, தகடு குறைந்தவை 75. யாரும் திட்டமிடாத இந்தச் சோதனையைத் திட்டமிட்ட பல சோதனைகளைவிட நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: ஏரியும் அருவியும் சரி. கடலில் தடுப்பே இல்லையே, எல்லாம் கலந்துவிடாதா? (பெயர் குறிப்பிடாத வாசகர்)

பதில்: கலக்கத்தான் செய்கிறது. ஹெர்ரிங் என்ற மீனில் அட்லாண்டிக் வகையையும் பால்டிக் கடல் வகையையும் எடுத்துக்கொள்ளுங்கள். டி.என்.ஏ.வின் பெரும்பகுதியை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வித்தியாசம் பளிச்சென்று நிற்கும். அதில் ஒன்று கண்ணில் இருக்கும் ரோடாப்சின் என்ற ஒளி வாங்கும் புரதம். பால்டிக் தண்ணீர் கலங்கல், உள்ளே இறங்கும் வெளிச்சம் சிவப்புப் பக்கம் சாய்ந்தது. அங்கே அந்தப் புரதத்தின் 261-ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் (புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி) மாறியிருக்கிறது, மீன் சற்றே சிவந்த ஒளியைப் பிடிக்கும். உவர்நீரிலும் நன்னீரிலும் வாழும் வேறு எத்தனையோ மீன்களிலும் இதே இடத்தில் இதே மாற்றம். கலப்பு எவ்வளவு நடந்தாலும், இயற்கைத் தேர்வு, அதாவது இடத்துக்கு ஒத்தவை அதிகம் பிழைப்பது, அதைவிட வலுவாக இருந்தால் அந்த ஓரிடம் மட்டும் கரையாது.

கேள்வி: நச்சுக் கழிவிலும் மீன்கள் பழகிக்கொள்கின்றனவாமே. பிறகு ஏன் கவலை? (ஒரு பொறியாளர்)

பதில்: அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கிள்ளிமீன் என்றொரு சிறு மீன். நியூ பெட்ஃபோர்டு, நியூவார்க் போன்ற தொழிற்சாலைத் துறைமுகங்களில் வாழ்பவை, மற்ற கிள்ளிமீன்களைக் கொல்லும் அளவைப்போல 8,000 மடங்கு வரை நஞ்சைத் தாங்கும் என்று 2016-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பிசிபி என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் மாதிரியான நஞ்சுகள் ஏஎச்ஆர் என்ற புரதத்தைத் தட்டி எழுப்பி, கருவின் இதயத்தைக் கோணலாக்கும். இந்த மீன்களில் அந்த வழியே மந்தமாகிவிட்டது.

ஆனால் கிள்ளிமீன் லட்சக்கணக்கில் வாழ்வது, மரபணு வகைகளும் ஏராளம். எண்ணிக்கை சுருங்கிப்போன மீனுக்கு அந்த வசதி கிடையாது. அப்புறம், தாங்குவது என்றால் நஞ்சு மறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஹட்சன் ஆற்று டாம்காட் மீனும் ஏஎச்ஆர் மரபணுவில் ஆறு டி.என்.ஏ. எழுத்துகளை இழந்து பிசிபியோடு பிழைத்துக்கொண்டது. இப்போது அது நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொண்டு உயிரோடு திரிகிறது, அதைத் தின்னும் பெரிய மீனுக்கு நஞ்சு போய்ச் சேர்கிறது.

கேள்வி: ஆற்றில் மீன் குறைந்தால் பண்ணையில் பொரித்த குஞ்சுகளை விட்டால் போதாதா? (அதே பொறியாளர்)

பதில்: எண்ணிக்கை ஏறும். ஆனால் பண்ணைத் தொட்டியும் ஓர் இடம்தான், அதற்கும் மீன் பழகும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஹூட் ஆற்று ஸ்டீல்ஹெட் மீன்களில், பண்ணையில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் வாரிசு விடும் திறன் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததாக 2007-இல் கண்டார்கள். விட்டே ஆக வேண்டுமென்றால், அந்தந்த ஆற்றில் பிறந்து வளர்ந்த தாய்மீன்களையே ஒவ்வொரு பருவமும் புதிதாகப் பிடித்து முட்டை எடுங்கள். தொட்டியில் பிறந்ததை மறுபடி தாய்மீனாக வைக்காதீர்கள்.