சிவிலா, கிரிமினலா?

கேள்வி: சட்டப்படிப்பு இறுதியாண்டில் இருக்கிறேன். எந்தப் பிரிவில் வக்கீலாவது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம். பார் கவுன்சிலில் பதிவு செய்யுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேறிவிட வேண்டும். சிவில், கிரிமினல் இரண்டும் நடத்தும் சீனியரிடம் ஜூனியராகச் சேர்வதே நல்லது.

முதலில் செக் வழக்குகளை, அதாவது பணமில்லாமல் திரும்பிய செக்குகளுக்கான கிரிமினல் வழக்குகளை, கேட்டு வாங்குங்கள். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். அதில் செக் தொகையைத் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். எதிராளி நோட்டீஸைப் பெற்று 15 நாளில் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்யலாம். அவசரப்பட்டு 15 நாள் முடியுமுன் போட்ட புகார் நிலைக்காது. ஜூனியர்கள் சறுக்கும் இடம் இது. இந்த நாள்கணக்கும் குறுக்கு விசாரணையும் பிடித்துப்போனால் கிரிமினல் பக்கம் தாராளமாகப் போங்கள்.

பத்திரங்களைப் பொறுமையாகப் படிப்பவருக்குச் சொத்து வழக்குகள் ஒத்துவரும். வில்லங்கச் சான்றை மட்டும் நம்பிச் சொத்து யாருடையது என்று சட்டக் கருத்து எழுதாதீர்கள். பதிவாகாத உயில் அதில் வராது. மூலப்பத்திரத்தையும் பட்டாவையும் ஒப்பிட்டே ஆக வேண்டும்.

வரிச் சட்டத்துக்குக் கணக்குப் பதிவியல் தெரிந்திருக்க வேண்டும்.

பெண் என்பதற்காகக் குடும்ப நீதிமன்றப் பக்கம் தள்ளினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்; விருப்பமிருந்தால் மட்டும் போங்கள்.