சில்கூட் பாதையில் நடக்க: வாசகர் கேள்விகள்

எத்தனை நாள் லீவு போட வேண்டும்?

அலாஸ்காவின் டையீயிலிருந்து கனடாவின் பென்னட் ஏரி வரை 53 கிலோமீட்டர். மூன்று நாளில் முடிப்பவர்கள் உண்டு. நான்கைந்து நாள் வைத்துக்கொண்டால் நிதானமாக நடக்கலாம். பென்னட்டுக்கு ரோடு கிடையாது. திரும்பும் ரயிலை உறுதி செய்துகொண்டு அப்புறம் லீவு கேளுங்கள்.

பை 18 கிலோ வந்துவிட்டது. சமாளிக்கலாமா?

மூன்று கிலோவாவது இறக்குங்கள். இரண்டாவது ஜீன்ஸ், புத்தகம், பெரிய பாத்திரம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். 1897-98 குளிர்காலத்தில் கனடாவின் க்ளோண்டைக்கில் தங்கம் தேடி இந்த வழியே போனவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஒரு வருடத்துக்கான சாமான் இல்லாதவரைக் கனடா போலீஸ் கணவாய் உச்சியிலேயே திருப்பி அனுப்பியது. மாவு, பன்றி இறைச்சி, கருவிகள் எல்லாம் சேர்ந்து ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன். நடைக்கு 30 கிலோ என்றாலும் அதே ஏற்றத்தை முப்பது தடவைக்கு மேல் ஏறியாக வேண்டும். பனியில் வெட்டிய படிகளில் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். வரிசையை விட்டு ஒதுங்கினால் மறுபடி இடம் கிடைப்பது பெரும்பாடு. அடிவாரத்துக்கு 'ஸ்கேல்ஸ்', அதாவது தராசு என்று பெயர். கூலிக்காரர்கள் அங்கே மூட்டையை மறுபடி எடைபோட்டுக் கூலியை ஏற்றுவார்கள். நியாயம்தான், ஏறிப் பார்த்தால் தெரியும்.

பென்னட்டிலிருந்து எதிர்த்திசையில் நடக்கலாமா?

வேண்டாம். அந்தப் படிகள் இருந்த சரிவு கோடையில் வெறும் பாறைக் குவியல். கையும் காலும் ஊன்றி ஏறிவிடலாம். ஈரத்தில், முதுகில் பையோடு இறங்குவதுதான் ஆபத்து.

ஜூனில் போனால் கூட்டம் குறைவாக இருக்குமே?

இருக்கும், பனியும் இருக்கும். பனிச்சரிவு அபாயம் ஜூலை நடுப்பகுதி வரைகூட நீடிப்பதுண்டு. உச்சி ஏற்றத்துக்கு முந்தைய முகாமான ஷீப் கேம்ப்பிலிருந்து விடிகாலையிலேயே கிளம்புங்கள். வெயில் ஏறினால் பனி இளகும். 1898 ஏப்ரல் 3-ஆம் தேதி சரிந்த பனியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டையீயில் அவர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

பாஸ்போர்ட் வேண்டுமா?

கட்டாயம். எல்லைக்கோடு உச்சியில்தான் ஓடுகிறது. நடப்பதற்கும் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும்.

கரடி?

உண்டு. பற்பசை உட்பட வாசனை வீசும் எதுவும் கூடாரத்துக்குள் கூடாது. முகாம்களில் இரும்புப் பெட்டி இருக்கும், அதில் வையுங்கள்.

வழியில் கிடக்கும் பழைய ஆணி ஒன்றை ஞாபகத்துக்கு எடுத்து வரலாமா?

கூடாது, சட்டப்படி குற்றம். பூட்ஸ் அடித்தோல், துருப்பிடித்த கம்பிவடம் என்று நிறையக் கிடக்கும். உச்சிக்குப் பக்கத்தில், அப்பாலுள்ள ஏரியில் விடக் கொண்டுவந்த மடக்கு கான்வாஸ் படகுகள்கூட மட்கிக் கிடக்கின்றன. அவ்வளவு உயரம் சுமந்து வந்து, தண்ணீரையே பார்க்காமல் போன படகுகள்.