ஷரீஆவும் சிவில் சட்டமும் சேர்ந்த பட்டம் திருகோணமலையில் பயன்படுமா?

கிண்ணியாவில் உயர்தரம் முடித்த மாணவர் ஒருவர், மலேசியாவில் ஷரீஆவையும் சிவில் சட்டத்தையும் சேர்த்துப் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பினால், முஸ்லிம்களின் திருமண, விவாகரத்து வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்தில் வழக்குப் பேசலாமா என்று கேட்டிருக்கிறார். பேச முடியாது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதியார் முன்னிலையில் சட்டத்தரணிகள் தோன்ற இடம்கொடுக்கவில்லை. மேன்முறையீட்டுக்கு வழக்குப் போனால்தான் சட்டத்தரணிகளான நமக்கு வேலை.

ஆனால் அதற்காக இந்தப் படிப்பைக் கைவிட வேண்டாம். நானும் மலேசியாவில் அதைப் படித்துவிட்டுத் திருகோணமலையில் தொழில் செய்பவன். இரு சட்டங்களும் எங்கே ஒன்றோடொன்று உரசுகின்றன என்று தெரிந்திருப்பதுதான் இதன் பயன். அந்த உரசல் நமது மாவட்டத்தில் பெரும்பாலும் காணி உறுதிகளில்தான் வெளிப்படுகிறது.

மகளுக்கு வீட்டை நன்கொடையாக எழுதிக்கொடுத்துவிட்டு, பெற்றோர் தமக்குச் சீவிய உரித்தை (சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொள்வது கிண்ணியாவிலும் மூதூரிலும் சாதாரணம். 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டம், சீவிய உரித்து, நம்பிக்கைப் பொறுப்பு போன்றவை சேராத நன்கொடைகளை மட்டுமே முஸ்லிம் சட்டத்தின் கீழ் விடுகிறது. ஆகவே ஹிபா, அதாவது இஸ்லாமியச் சட்டப்படியான நன்கொடை, என்று வீட்டார் நம்பிச் செய்யும் கொடை, சீவிய உரித்து என்ற அந்த ஒரு வாசகத்தால் வேறு சட்டத்துக்குள் போய்விடக்கூடும். மரண சாசனத்திலோ இடைவெளி இன்னும் பெரிது. வசிய்யத் (மரண சாசனக் கொடை) சொத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றி வாரிசுக்கே எழுதவும் கூடாது என்று ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டவியல்) வகுப்பில் படிப்போம். இலங்கைச் சட்டத்திலோ ஒரு முஸ்லிம் தன் சொத்து முழுவதையும் விரும்பியவருக்கு எழுதிவைக்கலாம். சாசனம் இல்லாமல் இறந்தால் மட்டுமே அவரவர் மத்ஹபின்படி (சட்டப் பிரிவின்படி) பங்கு பிரியும். கந்தளாய்ப் பக்கத்துப் பேமிட் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) என்றால் அதுவும் இல்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் சொல்லும் பின்னுரித்து முறைப்படியே அது போகும். மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டுக்கொண்டு வரும் குடும்பத்துக்கு இதை விளக்குவது எளிதல்ல (மௌலவியைக் கூட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நேரமெடுக்கும்).

மலேசியப் படிப்பில் இவை எதுவும் நேராகக் கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே காணியுரிமை பதிவேட்டை அடிப்படையாகக் கொண்டது. இங்கே ரோமன் டச்சுச் சட்டமும் நொத்தாரிசு எழுதும் உறுதியும் முன்னிற்கின்றன. அங்கே ஷரீஆ நீதிமன்றங்களின் அதிகாரத்துக்குள் சிவில் நீதிமன்றங்கள் புகாதபடி 1988இல் அரசியலமைப்பில் சேர்த்த 121(1ஏ) உறுப்புரையைச் சுற்றி நிறைய விவாதம் நடக்கும். அது சிந்தனைக்கு நல்ல பயிற்சி என்றாலும், திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் கைகொடுக்காது. நான் அதிகம் பயன்படுத்துவது, சட்டத்தை மூலங்களிலிருந்து பெறும் முறையைக் கற்பிக்கும் உஸூலுல் ஃபிக்ஹைத்தான், ஏனெனில் ஒரு தீர்ப்பு எந்த ஆதாரத்திலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று படிப்படியாகக் கேட்கும் பழக்கம் அங்கேதான் வந்தது.

பட்டம் மட்டும் சட்டத்தரணி ஆக்கிவிடாது. இலங்கைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளும் பயிற்சிக்காலமும் முடிந்து உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தால்தான் தொழில். எனவே கட்டணம் கட்டுவதற்கு முன்பே, அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் ஏற்கப்படுமா என்று சட்டக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும்வரை கிடைக்கும் நேரத்தை அரபுக்குக் கொடுங்கள்.