எஃப் போட்ட பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வீட்டிலிருந்தபடி இரண்டு கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். கணினி நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஓடும். பின்னேரத்தில் மகனுக்கு சூம் வகுப்பு. பழைய கணினியில் தனி கிராபிக்ஸ் கார்ட் உண்டு. அறை வேகிறது, கரண்ட் பில்லும் ஏறுகிறது. பம்பலப்பிட்டியில் கடைக்காரத் தம்பி, 'ஐ5-12400எஃப் எடுத்து ஒரு சின்ன கார்ட் போடுங்கோ, மலிவாய் வரும்' என்கிறார். நான் 35 வாட் புரொசசர்தான் தேட வேண்டுமா?"

தம்பி சொன்ன விலை சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 'எஃப்' உங்களுக்கு வேண்டாம். இன்டெல் புரொசசரின் பெயர் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ், அதாவது திரையில் படம் காட்டும் பகுதி, வேலை செய்யாது என்று பொருள். மதர்போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருக்கும், வயரும் பொருந்தும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. அதனால் கார்ட் வாங்கியே தீர வேண்டும். எதைக் குறைக்கப் போனீர்களோ அதையே காசு கொடுத்துத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள். போட்டி நிறுவனமான ஏஎம்டியிலும் இதே பொறி இருக்கிறது. ரைசன் 5 5500, 5600 இரண்டிலும் கிராபிக்ஸ் இல்லை. 5500ஜிடி, 5600ஜி, 5600ஜிடி ஆகியவற்றில் உண்டு. பெட்டியில் ஓரிரு எழுத்துத்தான் வித்தியாசம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள்.

இனி அந்த 35 வாட். பெட்டியில் போட்டிருக்கும் வாட் கணக்கு உங்கள் மீட்டரில் ஓடும் கணக்கு அல்ல. புரொசசர் மூச்சைப் பிடித்து வேலை செய்யும்போது எவ்வளவு சூட்டைச் சமாளிக்க வேண்டும் என்பதற்கான அளவு அது. ஐ5-12400இன் அடிப்படை அளவு 65 வாட், உச்சத்தில் 117 வரை போகும். 'டி' என்று முடியும் 35 வாட் வகைகள் அந்த உச்சத்தைத்தான் கட்டிப்போடுகின்றன. சும்மா இருக்கும்போது சாதாரண வகையும் டி வகையும் ஏறத்தாழ ஒரே அளவுதான் இழுக்கும்.

கணக்கு வேலையில் கணினி பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. சுவர்ச் சொருகிக்கும் கணினிக்கும் நடுவே ஒரு வாட் மீட்டரை மாட்டிப் பார்த்தால் தெரியும். எக்செல் திறக்கும் அந்த இரண்டு நொடியில் எண் 60, 70க்குத் துள்ளும். நீங்கள் பற்றுச்சீட்டைப் பார்த்து அடுத்த தொகையைத் தட்டுவதற்குள் மறுபடி 25, 30க்கு இறங்கிவிடும். நாள் முழுக்க இதே கதைதான். அதனால் உச்சத்தை விட்டுவிட்டு அடிமட்டத்தைப் பாருங்கள்.

பழைய கணினியும் கார்டுமாகச் சும்மா இருக்கும்போதே 90 வாட் இழுக்கிறது என்று வைப்போம். பத்து மணித்தியாலம், முப்பது நாள் என்றால் 27 அலகு. 30 வாட்டுக்கு இறங்கினால் 9. மிச்சம் 18 அலகு. சிறிய தொகைதானே என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டு வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. குறையும் அலகு உங்கள் பில்லின் ஆக விலை கூடிய மேல்படியிலிருந்துதான் கழியும். இன்னொன்று, கணினி இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வெளியேறுகிறது. ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே 100 வாட் அளவில் சூடு விடுவார். மூடிய பிளாட் அறையில் உங்கள் பழைய கணினி இன்னோர் ஆளை உட்கார வைத்தது மாதிரித்தான்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது ஐ3-12100, அல்லது கை கொஞ்சம் தாராளமென்றால் ஐ5-12400. இரண்டும் எஃப் இல்லாதவை. நான்கு கோர் உள்ள 12100 கணக்குக்கும் சூமுக்கும் தாராளம். ரைசன் 5600ஜிடியின் கிராபிக்ஸ் இதைவிட வலுவானது. மகன் விளையாட்டுக்கென்று அடம்பிடித்தால் அதை எடுங்கள். ஆனால் யூடியூப் இப்போது நிறையக் காணொளிகளை ஏவி1 என்ற சுருக்கிய வடிவத்தில் அனுப்புகிறது. 12100இன் கிராபிக்ஸ் அதைத் தானாகவே விரித்துவிடும். 5600ஜிடியில் அந்த வசதி இல்லாததால் புரொசசரே உழைக்க வேண்டிவரும். பாடக் காணொளி ஓடும் வீட்டுக்கு நான் இன்டெல் பக்கம்தான் நிற்பேன். ரைசன் 8600ஜியில் எல்லாமே உண்டு; ஆனால் டிடிஆர்5 என்ற புது வகை ரேமும் புது மதர்போர்டும் கேட்கும். உங்கள் வேலைக்கு அது வீண் செலவு.

உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பங்குபோடும். 16 ஜிபியை ஒற்றைக் குச்சியாக வாங்காமல் இரண்டு 8 ஆக வாங்குங்கள். டிடிஆர்4-3200இல் ஒரு குச்சி நொடிக்கு 25.6 ஜிபி தரும், சோடியாகப் போட்டால் 51.2. 5600ஜிடிக்கு இது உயிர்நாடி.

பவர் சப்ளையில் '650 வாட் கோல்ட்' என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். கோல்ட் என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்கான தரம். அந்தச் சோதனை 20 சதவீதச் சுமையில்தான் தொடங்குகிறது. 650இல் அது 130 வாட். உங்கள் கணினி அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதே அபூர்வம். நல்ல பெயருள்ள 400, 450 வாட் போதும். கேஸோடு இலவசமாக வரும் பெயரில்லாததை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

புதிதுதான் வேண்டுமென்றில்லை என்றால், அலுவலகங்களிலிருந்து கழிந்து வரும் கையடக்கப் பெட்டிகளையும் பாருங்கள். அதில் எட்டாம் தலைமுறை ஐ5-8500டிக்குக் கீழே போக வேண்டாம். ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11க்கு மைக்ரோசொப்ட் கேட்பது பொதுவாக எட்டாம் தலைமுறை. அடுத்தவர் கணக்கு இருக்கும் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

யூபிஎஸ் பழையதே இருக்கட்டும். 650 விஏ பெட்டிக்குள் வழக்கமாக இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. காகிதத்தில் 84 வாட்-மணி, நடைமுறையில் பாதி என்று வையுங்கள். கார்டோடு 150 வாட் இழுத்தால் கால் மணித்தியாலம் அளவில்தான் தாங்கும். புதுக் கணினியும் திரையும் சேர்ந்து 50 வாட் என்றால், பேட்டரி நல்ல நிலையில் இருக்கும்பட்சத்தில் அரை மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். 2025 பெப்ரவரியில் பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க விளக்கணைத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அது காணாதுதான். ஆனால் திறந்த கணக்கைச் சேமித்து, சூமில் ஆசிரியருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அணைக்கக் காணும்.