விண்டோஸா, மேக்கா, லினக்ஸா? வாங்குமுன் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஏழாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப், 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. நன்றாகத்தான் ஓடுகிறது. "இது இனி வேலைக்கு ஆகாது, புதுசு வாங்குங்க" என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: பாதி உண்மை. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. வீட்டுப் பயனாளர்களுக்கு இஎஸ்யு என்ற நீட்டிப்பு உண்டு, அதுவும் 2026 அக்டோபர் 13 வரைதான். அப்டேட் நின்றாலும் மெஷின் நிற்காது. புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது, அவ்வளவுதான். நெட் பேங்கிங் செய்யும் மெஷினை அப்படி ஓட்டக்கூடாது.

விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது இன்டெலில் எட்டாம் தலைமுறை முதல், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை முதல். உங்களுடையது ஒரு படி கீழே. ரூஃபஸ் மென்பொருளில் பென்டிரைவ் தயாரிக்கும்போது இந்தச் சோதனைகளை நீக்கிவிட்டு ஏற்ற முடியும், ஓடவும் செய்யும். ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் தர மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்கவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை வரும் பெரிய அப்டேட்டை நீங்களே கையால் ஏற்ற வேண்டியிருக்கும். வீட்டு மெஷின் என்றால் செய்து பார்க்கலாம். பில் போடும் மெஷினில் வேண்டாம்.

உலாவி, மெயில், யூடியூப், கொஞ்சம் டைப்பிங் மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் போட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுங்கள். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு.

கேள்வி: என்னுடையது எட்டாம் தலைமுறைதான். அப்படியும் "இந்த கணினி தகுதி பெறவில்லை" என்றே வருகிறது.

பதில்: பெரும்பாலும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி அணைந்திருக்கும். விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி, டிபிஎம்.எம்எஸ்சி (tpm.msc) என்று கொடுத்துப் பாருங்கள். இல்லை என்று சொன்னால் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் எழும் முன் வரும் அமைப்புத் திரைக்குள் போய், இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற வரியை ஆன் செய்யுங்கள்.

அடுத்தது செக்யூர் பூட், நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் எழவிடும் காவல். இதில் அவசரப்பட்டால் மாட்டிக்கொள்வீர்கள். டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய முறையில், அதாவது எம்பிஆர் பகிர்வில் விண்டோஸ் போட்டிருந்தால், பயாஸில் அந்தப் பழைய முறைக்கு இடம்தரும் சிஎஸ்எம்மை அணைத்த மறுநிமிடமே மெஷின் பூட் ஆகாது. முதலில் விண்டோஸுக்குள் இருந்தபடியே, அதனுடன் வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கைப் புதிய முறையான ஜிபிடிக்கு மாற்றுங்கள். சரிபார்க்கும் கட்டளையை ஓட்டி அது பாஸ் ஆன பிறகே மாற்றும் கட்டளை. அதன்பின் பயாஸில் சிஎஸ்எம் ஆஃப், செக்யூர் பூட் ஆன். இந்த வரிசை பிசகக்கூடாது. முக்கியக் கோப்புகளை வெளி டிஸ்க்கில் எடுத்து வைக்காமல் தொடங்கவும் கூடாது.

கேள்வி: ஈரோட்டில் கணக்காளர் அலுவலகம். டாலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கேனன் எல்பிபி2900 பிரின்டர். மேக்புக் ஏர் வாங்க ஆசை. டாலி ஓடுமா சார்?

பதில்: ஓட வைக்கலாம். ஓட வைப்பதே ஒரு வேலையாகிவிடும்.

டாலிக்கு மேக் பதிப்பு கிடையாது. ஆப்பிளின் எம் வரிசைச் சிப்பில் (இது ஆர்ம் வகை) விண்டோஸை நேரடியாக ஏற்றும் பழைய பூட் கேம்ப் வசதியும் கிடையாது. ஆக, மேக்குக்குள் விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் மென்பொருள் போட்டு, அதற்குள் ஆர்ம் சிப்புக்கான விண்டோஸ் 11 போட்டு, அதற்குள் டாலி. பேரலல்ஸுக்குச் சந்தா தனி, விண்டோஸ் உரிமம் தனி. இவ்வளவு செலவுக்குப் பிறகும் உங்கள் பிரின்டர் தகராறு செய்யும். எல்பிபி2900 பேசுவது கேனனின் சொந்த மொழியான கேப்ட். ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் கேனன் தனி டிரைவர் தந்தால்தான் அச்சடிக்கும். சாதாரண 64 பிட் விண்டோஸில் பிரச்சினை இல்லை. ஆர்ம் விண்டோஸுக்கு டிரைவர் இல்லை. லினக்ஸில் பழைய 32 பிட் லைப்ரரிகளைத் தேடிப் பிடித்துப் போட்டு மல்லுக்கட்ட வேண்டும். நம்மூரில் பாதி அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கும் பிரின்டர் இது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஜிஎஸ்டி தளத்தின் ஆஃப்லைன் டூலும் விண்டோஸுக்கு மட்டும்தான். எக்ஸெல் மேக்கில் உண்டு என்றாலும் ஆக்டிவ்எக்ஸ் பட்டன் வைத்த பழைய மேக்ரோ ஷீட்கள் அதில் வேலை செய்யாது.

உங்களுக்கு வேண்டியது இன்டெல் அல்லது ஏஎம்டி விண்டோஸ் லேப்டாப். பன்னிரண்டாம் தலைமுறை ஐ5 அல்லது ரைசன் 5 5000 வரிசைக்கு மேல், 16 ஜிபி ரேம், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, எண் விசைகள் தனியாக உள்ள 15.6 அங்குல உடல். டோக்கன் செருகப் பழைய வடிவ யுஎஸ்பி துளை குறைந்தது இரண்டு இருக்கட்டும். வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் இந்த மெஷினுக்குள் நுழைய வேண்டுமென்றால் விண்டோஸ் புரோ எடுங்கள், ஹோம் பதிப்பு அதை அனுமதிக்காது.

இன்னொன்று. விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்குடன் நுழைந்தால் டாகுமென்ட்ஸ் ஃபோல்டரை ஒன்டிரைவ் தன் கையில் எடுத்துக்கொள்ளக்கூடும். டாலி டேட்டா அதற்குள் இருக்கக்கூடாது. டாலி எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை ஒன்டிரைவ் அதே நேரத்தில் மேலே ஏற்றப் பார்த்தால் டேட்டா கெடும். டேட்டாவைத் தனி டிரைவில் வைத்து, டாலியை மூடியபின் பேக்கப் எடுங்கள்.

கேள்வி: ஸ்னாப்டிராகன் சிப் விண்டோஸ் லேப்டாப்பை, பேட்டரி நாள் முழுக்க வரும் என்று தள்ளுபடியில் தருகிறார்கள். எடுக்கலாமா?

பதில்: பேட்டரி விஷயத்தில் பொய் இல்லை. 2024 ஜூனில் வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் வரிசை நல்ல ஆர்ம் சிப். இன்டெலுக்காக எழுதிய மென்பொருளை பிரிசம் என்ற பகுதி மொழிமாற்றி ஓட்டுகிறது, பெரும்பாலானவை ஓடுகின்றன. ஆனால் டிரைவர்களை அது மொழிமாற்றாது. பழைய பிரின்டர், ஸ்கேனர், டோங்கிள், அலுவலக விபிஎன் இவற்றில் ஏதாவது உங்களிடம் இருந்தால், அதன் தயாரிப்பாளர் தளத்தில் ஆர்ம்64 டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். உலாவியும் ஆஃபீஸும் மட்டும் என்றால் தாராளமாக எடுக்கலாம்.

கேள்வி: பள்ளியில் கொடுத்த அரசு விலையில்லா மடிக்கணினி. 2 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். தங்கை டைப்பிங் பழக வேண்டும். உயிர் கொடுக்க முடியுமா அண்ணா?

பதில்: முடியும், செலவும் குறைவு. அந்த மெஷின்கள் பல விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தவை. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் என்ற லினக்ஸை வைத்துச் செய்தது. பலர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முதலில் மாற்ற வேண்டியது ஹார்ட் டிஸ்க். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி, 7 மில்லிமீட்டர் தடிமன். பின்மூடியைக் கழற்றும்போது பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் அதை அழுத்தாமல் எடுத்துவிட்டு, சார்ஜரில் நேரடியாக ஓட்டுங்கள்.

அடுத்து ரேம். உள்ளே இருக்கும் குச்சியை எடுத்து ஸ்டிக்கரைப் படியுங்கள். பிசி3எல் என்றிருந்தால் அது 1.35 வோல்ட் ரகம், வெறும் பிசி3 என்றிருந்தால் 1.5 வோல்ட். 1.35 மட்டும் ஏற்கும் மெஷினில் 1.5 வோல்ட் குச்சியைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். சந்தேகமிருந்தால் எல் ரகத்தையே வாங்குங்கள், பொதுவாக அது இரண்டிலும் ஓடும்.

மொத்தம் 4 ஜிபி ஆகிவிட்டால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. 2 ஜிபியிலேயே நிற்க வேண்டுமென்றால் ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ், பார்க்கச் சுமாராக இருந்தாலும் நகரும். எதைப் போட்டாலும் முதலில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே லைவ்வாக ஓட்டி வைஃபை, ஒலி, திரையை மூடித் திறந்தால் விழிக்கிறதா ஆகியவற்றைச் சோதியுங்கள். லிப்ரேஆஃபீஸ் டைப்பிங்குக்குப் போதும். உலாவியில் ஐந்தாறு டேபுக்கு மேல் திறக்க வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: புது லேப்டாப்பில் விண்டோஸோடு உபுண்டு லினக்ஸும் போடப் பார்த்தேன். இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியவில்லை.

பதில்: இன்டெல் மெஷின் என்றால் முதல் சந்தேகம் டிஸ்க்கை நிர்வகிக்கும் இன்டெல் வசதியான விஎம்டி அல்லது ஆர்எஸ்டி. டிஸ்க்கை பயாஸ் அதன் பின்னால் ஒளித்துவைத்திருக்கும். அதை அணைத்து வழக்கமான முறையான ஏஎச்சிஐக்கு மாற்ற வேண்டும். நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் போய் நிற்கும், ஏனென்றால் பூட் ஆகும்போது ஏஎச்சிஐ டிரைவரை ஏற்ற அது தயாராக இல்லை.

முதலில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதுங்கள். அதே மெஷினில் சேமித்தால் பயனில்லை. பிறகு எம்எஸ்கான்ஃபிக் (msconfig) திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் எழும் முன்பே பயாஸுக்குள் போய் விஎம்டியை அணையுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழும், அப்போது ஏஎச்சிஐ டிரைவரை ஏற்றிக்கொள்ளும். உள்ளே போய் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம், கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்கட்டும்.

உபுண்டுவுக்கான இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலிருந்தே சுருக்கி ஒதுக்குங்கள், 50 ஜிபிக்குக் குறையாமல். பவர் ஆப்ஷனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும், லினக்ஸ் பக்கத்திலிருந்து டி டிரைவைப் படிக்கலாம், எழுத முடியாது.

இரண்டும் ஏறியபின் இன்னொரு கேள்வி வரும் என்பதால் இப்போதே சொல்கிறேன். விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. உபுண்டு டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையுடன் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 (timedatectl set-local-rtc 1) என்று கொடுத்தால் சண்டை தீரும்.

கேள்வி: பழைய மேக்புக் வாங்கலாமா? இன்டெல் மேக்புக் ஏர் 2020 சல்லிசாகக் கிடைக்கிறது.

பதில்: வேண்டாம். இன்டெல் மேக்குகளை ஏற்கும் கடைசி மேக்ஓஎஸ் 26, அதாவது டஹோ. அதிலும் சில இன்டெல் மாடல்களுக்குத்தான் இடம், மேக்புக் ஏர் ஒன்றுகூட இல்லை. அதே 2020-இன் கடைசியில் வந்த எம்1 ஏர் வேறு ரகம், அதைத் தேடுங்கள்.

விற்பவர் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வைஃபையில் இணைத்து, டெஸ்க்டாப் வரும்வரை செட்டப் செய்து பாருங்கள். இடையில் ரிமோட் மேனேஜ்மென்ட் என்ற திரை வந்தால் அது ஏதோ கம்பெனியின் மெஷின். பழைய ஆப்பிள் கணக்கைக் கேட்டால் ஆக்டிவேஷன் லாக். இரண்டில் எது வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பவர் பகுதியில் சைக்கிள் கவுன்ட் பாருங்கள், இந்த பேட்டரிகளின் கணக்கு 1000. ரேமும் எஸ்எஸ்டியும் போர்டோடு ஒட்டியவை, பின்னால் கூட்ட முடியாது. எம்1, எம்2 ஏரில் வெளித்திரை ஒன்றுதான் போட முடியும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: மகன் மெக்கானிக்கல் முதலாண்டு, மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ். ஒரே மாடலில் இரண்டு வாங்கலாமா?

பதில்: மகனுக்கு விண்டோஸ், வேறு பேச்சில்லை. சாலிட்வொர்க்ஸ், கேட்டியா இரண்டுக்கும் மேக் பதிப்பு இல்லை. ஆட்டோகேட் மேக்கில் உண்டு, விண்டோஸ் பதிப்பின் எல்லா வசதிகளும் இல்லாமல். 16 ஜிபியும் தனி கிராஃபிக்ஸும் பாருங்கள்.

மகளுக்கு மூன்றில் எதுவும் சரி. ஐபோன் ஆப் எழுத எக்ஸ்கோட் வேண்டும், அது மேக்கில் மட்டும். மெஷின் லேர்னிங்கில், கிராஃபிக்ஸ் கார்டைக் கணக்கிட வைக்கும் குடா தேவைப்பட்டால் என்விடியா கார்டு உள்ள விண்டோஸ் அல்லது லினக்ஸ் மெஷின். எந்தப் பக்கம் போவாள் என்று தெரியாத முதலாண்டில், ரேமைப் பிறகு கூட்டக்கூடிய ஒரு விண்டோஸ் லேப்டாப்பே பணத்துக்குப் பாதுகாப்பு.

கேள்வி: யூடியூப் வீடியோ எடிட் செய்ய லினக்ஸில் டாவின்சி ரிசால்வ் இலவசமாகக் கிடைக்கிறதே?

பதில்: கிடைக்கும். ஆனால் லினக்ஸின் இலவசப் பதிப்பு எச்264, எச்265 வகை வீடியோ கோப்புகளைத் திறக்காது. உங்கள் ஃபோனும் கேமராவும் எடுப்பது அதைத்தான். ஒவ்வொரு கிளிப்பையும் வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே இருப்பீர்கள், டிஸ்க்கும் நிறையும். மேக்கில் இலவசப் பதிப்பிலேயே இந்தத் தொல்லை இல்லை. எடிட்டிங்தான் முதல் வேலை என்றால் 16 ஜிபி மேக்குக்கு என் ஓட்டு.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் அச்சக வேலை. யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் நிறைய. மேக்குக்கு மாறினால் எழுத்து உடையுமா?

பதில்: பாமினி எழுத்துருக் கோப்பை அங்கேயும் நிறுவினால் உடையாது. நிறுவாமல் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோட் கோப்புகளில் சிக்கல் வேறு. விண்டோஸின் லதா அல்லது நிர்மலா எழுத்துருவில் அடித்ததை மேக்கிலோ லினக்ஸிலோ திறந்தால் வேறு எழுத்துரு அந்த இடத்தில் வந்து உட்காரும், அகலம் மாறும், பக்க முறிவுகள் நகரும். அச்சுக்கு அனுப்புவதை எழுத்துரு பொதிந்த பிடிஎஃப்பாகவே அனுப்புங்கள்.

ஃபோட்டோஷாப்பில் "கொ" உடைந்து கொம்பு தனியாக நின்றால் ஓஎஸ்ஸைத் திட்ட வேண்டாம். டைப் அமைப்பில் வேர்ல்டு-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். தட்டச்சுக்குத் தமிழ்99, அஞ்சல் இரண்டும் மேக்கிலேயே உண்டு. லினக்ஸுக்கு ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவினால் தமிழ்99 வரும்.

கேள்வி: லினக்ஸில் வாலரன்ட் விளையாட முடியுமா ப்ரோ?

பதில்: முடியாது. ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் அதன் வான்கார்ட் காவல் லினக்ஸை உள்ளே விடாது.

கேள்வி: பட்ஜெட் ரொம்பக் குறைவு. செலரான், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி, விண்டோஸ் 11 லேப்டாப் புதிதாகவே கிடைக்கிறது.

பதில்: அந்த 64 ஜிபியில் விண்டோஸே பாதியைத் தின்றுவிடும். ஆண்டின் பெரிய அப்டேட் வரும்போது இடம் போதவில்லை என்று நிற்கும். இஎம்எம்சி என்பது போர்டில் ஒட்டிய மலிவுச் சேமிப்புச் சிப், மாற்ற வழியில்லை. அதே பணத்துக்கு, கம்பெனிகள் கழித்துவிட்ட எட்டாம் தலைமுறை ஐ5 பிசினஸ் லேப்டாப் ஒன்றைத் தேடுங்கள். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் போதும். கீல், விசைப்பலகை, பேட்டரி மூன்றையும் சோதித்து, பயாஸில் பாஸ்வேர்டு பூட்டு இல்லை என்று பார்த்து எடுங்கள். விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் அதன் போர்டிலேயே இருக்கும், தனியாக வாங்க வேண்டியிருக்காது.